கபடி அணிக்குள் ஒரு குற்றம்: பாலியல் வன்கொடுமை பற்றிய குற்ற நாவலைக் கொங்குப் பின்னணியில் எழுத வருபவர்களுக்கு

இந்த வகை நாவலுக்கு உட்காரும் புதியவர்கள் பெரும்பாலும் 'யார் செய்தது' என்ற கேள்வியோடுதான் ஆரம்பிக்கிறார்கள். தொழில்முறை அணி விளையாட்டில் அந்தக் கேள்விக்கு ஆயுள் குறைவு. பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு ஆளைத் தெரியும். அவனோடு அறையில் தங்கியவனுக்குத் தெரியும். விடிவதற்குள் மேலாளருக்கும் தெரிந்துவிடும். நாற்பது பேர் ஒரே ராத்திரியில் எப்படி ஒன்றும் தெரியாதவர்கள் ஆனார்கள், அதற்கு ஒவ்வொருவருக்கும் என்ன கிடைத்தது என்பதே மர்மம். நாவலின் முக்கால் பங்கை அந்த மூடிமறைக்கும் வேலைக்குக் கொடுங்கள்.

அதனால் கதைச் சுருக்கம் எழுதும் முன் ஒரு பட்டியல் போடுங்கள். அன்று இரவு அணியோடு தங்கியிருந்த எல்லோரும் அதில் வர வேண்டும்: வீரர்கள், கோச், உதவிக் கோச், மேலாளர், ஃபிசியோ, மசாஜ் செய்பவர், வீடியோ அனலிஸ்ட், சோஷியல் மீடியா பார்க்கும் பையன், சமையல்காரர், பஸ் டிரைவர், லாட்ஜ் ரிசப்ஷனில் நைட் ஷிப்ட் பார்த்தவர், மறுநாள் அறை துடைத்த அம்மா. ஒவ்வொருவருக்கும் எதிரே மூன்று கட்டம். எப்போது தெரிந்தது, யார் சொல்லித் தெரிந்தது, வாயை மூட என்ன கிடைத்தது, அல்லது எது போய்விடும் என்று பயந்தார். மூன்றாவது கட்டத்தை நிரப்ப முடியாத பாத்திரம் நாவலுக்குத் தேவையில்லை.

அணியை உருவாக்குதல்

நிஜ அணிகளைத் தொடாதீர்கள். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியது, தமிழ் தலைவாஸ் 2017-ல் சேர்ந்தது, தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் 2016-ல் வந்தது. வாசகருக்கு இதெல்லாம் தெரியும். பெயரை மட்டும் மாற்றிவிட்டு, ஜெர்சி நிறம், முதலாளியின் தொழில், ஒரு வீரரின் சொந்த ஊர் மூன்றையும் அப்படியே விட்டால் ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். முன்பக்கத்தில் 'யாவும் கற்பனை' என்று அச்சிடுவது மட்டும் அவதூறு வழக்கில் (புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 356) காப்பாற்றாது. சொந்தமாக ஒரு லீக்கை உண்டாக்குங்கள்: எட்டு அணி, பத்து வாரம், ஏலம், வாரா வாரம் ஊர் மாறும் ஆட்டங்கள். பத்து வாரம் என்பதற்குக் காரணம் பின்னால் வருகிறது.

கைப்பந்தும் கிரிக்கெட்டும் இந்த வட்டாரத்துக்குப் பொருந்தும். ஆனால் குற்ற நாவலுக்குக் கபடி கொடுக்கும் வசதியை அவை கொடுப்பதில்லை. ஒரு பக்கம் 7 பேர், 20 நிமிடம் வீதம் இரண்டு பாதி, ஒரு ரெய்டுக்கு (எதிரணிக் களத்துக்குள் பாடிப் போவதற்கு) 30 விநாடி, ஆளைப் பிடித்து அமுக்குவதே ஆட்டம். ரெய்டர் உடம்பில் சிராய்ப்பும் நகக்கீறலும் இல்லாத நாள் அபூர்வம். கழுத்துக் கீறலைக் காட்டி "பிராக்டிஸ்ல பட்டதுங்க" என்று ஒருவன் சொன்னால் இன்ஸ்பெக்டர் என்ன செய்வார்?

இரண்டு இடத்தில் தேடலாம். ஃபிசியோ தினமும் எழுதும் காயப் பதிவில் தேதி, உடம்பின் எந்தப் பக்கம், எந்த இடம், என்ன மருந்து என்று இருக்கும். வீடியோ அனலிஸ்டின் ஹார்டு டிஸ்கில் அன்றைய பயிற்சி முழுக்க இருக்கும். கீறல் இடது காதுக்குக் கீழே இருக்கிறது, வீடியோவில் அவனை வலது கார்னர் ஆள் தொடையைப் பிடித்து விழவைத்தது மட்டுமே இருக்கிறது என்றால் அலிபி அங்கேயே உடைகிறது. அந்த இரண்டு பேர் பொய் சொல்லவே வேண்டாம். கேட்டதைக் கொடுக்கத் தாமதித்தாலே போதும். பதிவேட்டின் அந்தப் பக்கம் பின்னால் எழுதிச் சேர்க்கப்பட்டதா என்பதை வைத்து ஒரு முழு அத்தியாயம் ஓட்டலாம்.

முதலாளியை 'பெரிய தொழிலதிபர்' என்று பொதுவாக எழுதி விடாதீர்கள். கொங்கில் பணம் எந்தத் தொழிலில் வந்தது என்பதைப் பொறுத்துப் பயமும் மாறும். திருப்பூர் பனியன் ஏற்றுமதிக்காரருக்கு போலீசைவிட சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் மெயில்தான் பயம். கம்பெனியில் தொழிலாளர் நலம் பற்றிய ஆடிட் நடந்துகொண்டே இருக்கும், பெயர் கெட்டால் ஆர்டர் போய்விடும். திருச்செங்கோட்டு போர்வெல் வண்டிக்காரரின் வண்டிகள் பல மாநிலங்களில் ஓடும். அவருக்கு உள்ளூர்ப் பத்திரிகைச் செய்தி ஒரு பொருட்டே இல்லை. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர், கரூரில் பஸ் பாடி கட்டுபவர், ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரர், கோவை மில் முதலாளி என்று ஒருவரைத் தேர்ந்து, அவருக்கு எந்த போன் வந்தால் கை நடுங்கும் என்பதை முடிவு செய்யுங்கள். மூடும் வேலைக்கு உத்தரவு அங்கிருந்துதான் வர வேண்டும்.

பாதிக்கப்பட்டவர் யார், வயது என்ன

சட்டம், காவல் நிலையம், நீதிமன்றம் எல்லாம் இந்த விடையைப் பொறுத்தே மாறும். முதல் பக்கத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டம், 2012. ஆண் குழந்தை, பெண் குழந்தை என்ற வேறுபாடு அதில் இல்லை. விஷயம் தெரிந்தும் போலீசில் சொல்லாதவர் மீதும் வழக்கு உண்டு (பிரிவு 19, 21). அதாவது, 'அணி மானம் போயிரும்' என்று சும்மா இருந்த கோச்சும் விடுதி வார்டனும் சட்டப்படி குற்றவாளிகள். குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும் போலீஸ் அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது. காக்கி உடுப்போடு சிறுமியை ஸ்டேஷனில் உட்கார வைத்து விசாரிக்கும் காட்சி எழுதினால், அது அதிகாரியின் விதிமீறல் என்று கதையிலேயே தெரிய வேண்டும்.

வயது வந்த பெண் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 63, 64. கதை நடக்கும் தேதி 2024 ஜூலை 1-க்கு முன் என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 375, 376. புது நாவல்களில் அதிகம் பிடிபடும் தவறு இந்தத் தேதிக் குழப்பம்தான். தண்டனை ஆண்டுகளை வசனத்தில் போடும் முன் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிடுங்கள். 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டப்பேரவை இவற்றைக் கடுமையாக்கும் திருத்த மசோதாவை நிறைவேற்றியது.

வயது வந்த ஆண் வீரர் பாதிக்கப்பட்டால் நிலைமை வேறு. வன்புணர்வுப் பிரிவு ஆண் செய்து பெண் பாதிக்கப்படுவதைத்தான் சொல்கிறது. ஆண்கள் மீதான வன்கொடுமைக்குப் பயன்பட்ட பழைய 377-ஆம் பிரிவு புதுச் சட்டத்தில் இல்லை. விடுதியில் சீனியர்களால் சிதைக்கப்பட்ட 19 வயது ஜூனியர் ஸ்டேஷனுக்குப் போனால் அடி, மிரட்டல், அடைத்து வைத்தல் என்ற பிரிவுகள்தான் எஃப்.ஐ.ஆரில் ஏறும். தமிழில் இந்த வழியில் போனவர்கள் குறைவு. நல்ல நாவல் ஒன்று அங்கே காத்திருக்கிறது.

குற்றவாளி கோச்சா சக வீரனா என்பதும் முக்கியம். கோச் போல அதிகாரமும் நம்பிக்கையும் உள்ள இடத்தில் இருப்பவன் செய்தால் அது 64(2)-ன் கடுமையான வகை. அப்போது பெண் 'சம்மதிக்கவில்லை' என்று நீதிமன்றத்தில் சொன்னால், சம்மதம் இல்லை என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம், பிரிவு 120). ஸ்டார் ரெய்டருக்கு அந்த அனுமானம் தானாக வராது. அதனால் எதிர்த்தரப்பு வக்கீல் "அவர் கோச்சே இல்லைங்க, கன்சல்டன்ட்" என்று ஒப்பந்தத் தாளைத் தூக்கிக்கொண்டு வருவார். ஒரு பதவிப் பெயருக்காக நடக்கும் அந்தச் சண்டை துப்பாக்கிச் சண்டையைவிட விறுவிறுப்பாக இருக்கும்.

மணிக்கணக்கு

அடுத்த வேலை ஒரு நீளத் தாளில் காலக்கோடு போடுவது. இந்தச் சட்டங்கள் கெடுக்களால் ஆனவை. மூடிமறைப்பவர்களின் ஒரே வேலை நேரத்தைக் கடத்துவது.

மயக்க மருந்து கொடுக்கப்பட்டது என்று வைத்தால் சிறுநீரும் ரத்தமும் உடனே எடுக்க வேண்டும். சில மருந்துகள் 12 மணி நேரத்துக்குள் சிறுநீரில் இருந்து மறைந்துவிடும். "காலைல பாத்துக்கலாம், இப்பத் தூங்கு சாமி" என்று மேலாளரின் மனைவி அன்பாகச் சொல்லும் ஒரு வரி அந்தச் சாட்சியத்தை அழிக்கப் போதும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரை எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, 72 மணி நேரத்துக்குள் என்பது வழக்கம். உடம்பில் இருந்து மாதிரி எடுக்க 96 மணி நேரம் வரை என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. அதற்குப் பிறகும் துணியில் தடயம் இருக்கும். துணியை நிழலில் உலர்த்தி காகித உறையில் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் ஈரம் தங்கி, பூஞ்சை பிடித்து, மரபணு கெட்டுப்போகும். பதறிய தாய் துணியைத் துவைத்துக் காயப்போட்டுவிடுவதை எழுதுகிறீர்களா? எழுதுங்கள். அவரைக் குற்றவாளி ஆக்காமல் எழுதுங்கள்.

போலீசுக்குத் தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் பெண்ணின் சம்மதத்தோடு மருத்துவப் பரிசோதனை (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, சுருக்கமாக பி.என்.எஸ்.எஸ்., பிரிவு 184). மருத்துவர் அறிக்கையை 7 நாளில் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தனியார் ஆஸ்பத்திரியும் இலவசமாக முதலுதவி, சிகிச்சை தர வேண்டும் (பிரிவு 397). 'எஃப்.ஐ.ஆர். இருந்தாத்தான் பார்ப்போம்' என்று திருப்பி அனுப்புவது குற்றம். பெண்ணுக்கு முன்பே உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்ப்பதாகச் சொல்லி 'இரு விரல் சோதனை' செய்யும் டாக்டரை இயல்பான விஷயம் போல எழுதவே கூடாது. உச்ச நீதிமன்றம் 2013-லும் மறுபடி 2022-லும் அதைக் கண்டித்திருக்கிறது. அதைச் செய்கிற டாக்டர் உங்கள் கதையில் மாட்டிக்கொள்ள வேண்டும்.

உடம்பில் காயம் இல்லை என்பதால் எதுவும் நடக்கவில்லை என்று ஆகாது. பயத்தில் உடம்பு விறைத்து அசையாமல் போவது பரவலாக நடப்பது. எதிர்த்துப் போராடாதது சம்மதம் ஆகாது என்று பிரிவு 63-ன் விளக்கத்திலேயே இருக்கிறது. மரபணு ரிசல்ட்டையும் உச்சக்காட்சியாக வைக்காதீர்கள். அது வரும் நாளில் எதிர்த்தரப்பு "ஆமாங்க, ரெண்டு பேரும் விரும்பித்தான்" என்று ஒரே வரியில் பாதையை மாற்றிவிடும். அந்தப் பல்டியை நடுப்பகுதியில் வையுங்கள், நாவல் அங்கிருந்து சூடு பிடிக்கும்.

புலன் விசாரணையை 2 மாதத்தில் முடிக்க வேண்டும். குற்றப்பத்திரிகை 90 நாளில் வராவிட்டால் உள்ளே இருப்பவன் ஜாமீனில் வெளியே வந்துவிடுவான். பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013-ன் கீழ் நிறுவனத்தின் உள் புகார்க் குழுவுக்குச் செல்ல 3 மாதம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம். இப்போது லீக்கின் பத்து வாரத்தை இதன் மேல் வைத்துப் பாருங்கள். சீசன் முடிந்து ஒப்பந்தம் காலாவதி ஆகி, வீரர்கள் ஹரியானாவுக்கும் மகாராஷ்டிராவுக்கும் கிளம்பிய பிறகு, முதல் வாரத்தில் நடந்த சம்பவத்துக்குக் குழுவிடம் புகார் கொடுக்க இரண்டு, மூன்று வாரமே மிச்சம். வில்லன் என்ன செய்ய வேண்டும் என்று தனியாக யோசிக்க வேண்டியதில்லை. பத்து வாரம் இழுத்தால் போதும்.

ஸ்டேஷன் காட்சி

புகார் கொடுத்ததும் எஃப்.ஐ.ஆர். போட்டார்கள் என்று ஒரு வரியில் தாண்டாதீர்கள். தமிழ்நாட்டில் நடப்பது தெரிந்தவர்கள் சி.எஸ்.ஆர். (மனு பெற்றதற்கான) ரசீதை எழுதுவார்கள். மனுவை வாங்கி, ஒரு எண் போட்டு, சின்னத் தாளைக் கையில் கொடுத்து, "விசாரிச்சுட்டுக் கூப்பிடறோம்" என்று அனுப்பிவிடுவது. குடும்பம் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகும். சட்டப்படி இந்தக் குற்றத்தில் எஃப்.ஐ.ஆர். போட மறுக்கிற அதிகாரி மீதே வழக்குப் போடலாம் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 199). ரைட்டர் மேசையில் அந்த ரசீது எழுதப்படும் பத்து நிமிடத்தை விலாவாரியாக எழுதுங்கள்: யார் போன் பண்ணினார்கள், எஸ்.ஐ. ஏன் எழுந்து வெளியே போனார், ஏட்டம்மா மட்டும் ஏன் அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் கொடுத்தார்.

வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிய வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையம் இயல்பான இடம். எல்லையும் ஒரு கருவி. கோவை, திருப்பூர், சேலம் மூன்றும் கமிஷனர் உள்ள மாநகரங்கள். ஈரோடு, நாமக்கல், கரூரில் எஸ்.பி. ஆட்டம் சேலத்தில், லாட்ஜ் கோவையில், பெண்ணின் வீடு கரூர்ப் பக்கம் என்றால் ஆளாளுக்கு "எங்க லிமிட் இல்லீங்க" என்பார்கள். எந்த ஸ்டேஷனும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். போட்டு மாற்றி அனுப்பலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். இன்னொரு நுணுக்கம்: கரூர் வழக்குகள் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும், கோவை, சேலம் வழக்குகள் சென்னைக்கு. முன்ஜாமீன் மனுவை எங்கே போட்டார்கள் என்பதில் தவறினால் வக்கீல் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

மாஜிஸ்திரேட் முன் தரும் வாக்குமூலம் இப்போது பி.என்.எஸ்.எஸ். பிரிவு 183. போலீஸ்காரர்கள் வாயில் இன்னமும் பழைய சட்டத்தின் '164' என்றுதான் வருகிறது. வசனத்தில் 164, ஆவணத்தில் 183 என்று போடுங்கள், நிஜமாக இருக்கும்.

துப்பறிபவர்

மகளிர் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரை வைப்பது சுலபம், பலரும் வைக்கிறார்கள். உள் புகார்க் குழுவின் வெளி உறுப்பினரை யோசித்துப் பாருங்கள். பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த நிறுவனத்துக்கும் குழு வேண்டும். தலைவர் பெண், பாதிப் பேர் பெண்கள், ஒருவர் வெளியாள். விளையாட்டு மைதானமும் பயிற்சி நிலையமும் போட்டி நடக்கும் இடமும் 'பணியிடம்' என்று அந்தச் சட்டமே பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. ஆளை வரவழைத்து விசாரிக்க, ஆவணம் கேட்க சிவில் நீதிமன்றத்தின் அதிகாரம் குழுவுக்கு உண்டு. துப்பாக்கியும் லத்தியும் கிடையாது. கோவை ஆர்.எஸ்.புரத்தில் குடும்ப வழக்குப் பார்க்கும் நடுத்தர வயது வக்கீலம்மா, பேருக்கு ஒரு கையெழுத்துக்காக அந்தக் குழுவில் போடப்பட்டவர், ஒரு நாள் நிஜமாகவே கேள்வி கேட்கத் தொடங்கினால்? முதலாளி குழுவையே சீசன் முடிந்த தேதியில் கலைக்கப் பார்ப்பார். பல அணிகளில் குழு காகிதத்தில்கூட இருக்காது. அதையும் கதை ஆக்கலாம். 2023-ல் மல்யுத்த வீராங்கனைகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்த பிறகும், உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் எஃப்.ஐ.ஆர். பதிவானது என்பதை நினைவில் வையுங்கள். பதக்கம் வாங்கியவர்களுக்கே அந்தக் கதி என்றால் மாவட்ட அளவில் ஆடும் பெண்ணுக்கு எத்தனை கதவு தட்ட வேண்டியிருக்கும் என்று கணக்குப் போடலாம்.

ரோடும் லாட்ஜும் சொல்பவை

அணி பஸ் கோவையில் இருந்து சேலம் போனால் தேசிய நெடுஞ்சாலை 544-ல் கணியூர், விஜயமங்கலம், வைகுந்தம் சுங்கச்சாவடிகளைத் தாண்டும். ஃபாஸ்டேக் ஒவ்வொன்றிலும் நேரம் பதியும். "பதினோரு மணிக்கே எல்லாரும் பஸ்ஸுல இருந்தோம்" என்ற பொய்யை விஜயமங்கலத்து நேரம் உடைக்கும். மேலாளர் புத்திசாலி என்றால் தனிக் காரில், சேலத்தில் இருந்து திரும்பும்போது பெருந்துறையில் இறங்கி, ஊர்ப் பாதையில் காங்கயம் சுற்றி வருவார். அவர் மாட்டுவது செல்போன் டவரில். அழைப்பு விவரங்களை நிறுவனங்கள் குறைந்தது 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். லாட்ஜ் சிசிடிவி அப்படி இல்லை. சின்ன இடங்களில் இரண்டு மூன்று வாரத்தில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். போலீஸ் சிசிடிவி பதிவாகும் டி.வி.ஆர். பெட்டியைக் கைப்பற்றினாலும், மின்னணு சாட்சியத்துக்குப் பாரதிய சாட்சிய அதினியத்தின் பிரிவு 63 சான்று இணைக்காவிட்டால் நீதிமன்றத்தில் பிரச்சினை. அந்த ஒரு தாளுக்காக நைட் ஷிப்ட் பையன் பரம்பிக்குளம் பக்கம் 'வேலைக்கு' அனுப்பப்பட்டுவிடலாம்.

அறை ஒதுக்கீட்டுத் தாளை மறக்காதீர்கள். யார் யாரோடு தங்க வேண்டும் என்று மேலாளர் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். மறுநாள் அதே பட்டியல் மாற்றிப் போடப்பட்டிருந்தால் பழைய ஸ்கிரீன்ஷாட் யாரிடமாவது இருக்கும். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்தே சீசனைக் கழித்த வீரனிடம்.

மூடும் வேலை எப்படிப் பேசும்

மிரட்டுபவன் சத்தம் போட்டால் அது சினிமா. கொங்கில் மிரட்டல் 'ங்க' போட்டு வரும், காபி குடித்துக்கொண்டே வரும். தோட்டத்துச் சாளை (தோட்ட வீடு) திண்ணையில், ஊர்ப் பெரியவர் பெண்ணின் அப்பாவிடம்:

"ஏனுங்க மாப்ள, புள்ளைக்கு ரயில்வேல வேல போட்டுக் குடுக்கறதுக்கு நானாச்சுங்க. சங்கத்துச் செயலாளர் நம்ம ஒறம்பரைதானுங்க. எதுக்குங்க ஸ்டேஷன் கீஸ்டேஷன்னு அலஞ்சுக்கிட்டு? நாளைக்கு ஒரு எடம் பாக்கோணும்னா நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்கல்லங்க."

அதே பெரியவர், அதே விஷயம். அப்பா தோட்டத்தில் கூலி வேலை பார்க்கும் ஒடுக்கப்பட்ட சாதிக்காரர் என்றால் அவர் திண்ணைக்கு அழைக்கப்பட மாட்டார், வாசலில் நிற்பார், காபி வராது, 'ங்க' உதிர்ந்துவிடும்:

"ஏப்பா, வேல வாங்கித் தாரேங்கறேன், ஸ்டேஷனுக்குப் போறேங்கற. போயி என்ன ஆவப்போவுது? பாத்து நடந்துக்க."

இரண்டையும் எழுதிப் பழகுங்கள். பெண்ணின் சாதியைச் சொல்லாமல் தாண்டும் நாவல் இந்த வட்டாரத்தில் பாதி உண்மையைத்தான் சொல்லும். யார் புகாரைத் திரும்ப வாங்கச் சொல்கிறார்கள் என்பது அதைப் பொறுத்தே இருக்கிறது. இன்னொன்றைக் கவனியுங்கள்: பேச்சில் நடந்த காரியத்துக்குப் பெயர் வராது. 'அந்தப் பிரச்சனை', 'அன்னைக்கு நடந்தது' என்றே நான்கு பக்கம் ஓடும். முதன்முதலில் பெயர் சொல்லிப் பேசுவது யார் என்று தீர்மானியுங்கள். அந்த இடத்தில் அத்தியாயம் முடியட்டும்.

பணத்தைவிட வலிய ஆயுதம் வேலை. தமிழக அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது, ரயில்வேயும் போலீஸும் வீரர்களை எடுக்கின்றன. அதற்கு வேண்டிய சான்றிதழில் சங்க நிர்வாகி கையெழுத்துப் போட வேண்டும். வெயிலில் ஓடி, மண்தரையில் ஆடி, ஊர் நோம்பி (திருவிழா) மின்னொளி ஆட்டத்தில் தொடங்கி மாநில அணி வரை வந்த பெண்ணின் மொத்த உழைப்பும் அந்த ஒரு கையெழுத்தில் தொங்கும். அறைத் தோழனும் அப்படியே. அவன் வாயை மூடப் பணம் வேண்டியதில்லை, அடுத்த ஏலத்தில் பெயர் வந்தால் போதும்.

'பேசி முடித்து வழக்கை வாபஸ் வாங்கினார்கள்' என்று எழுதாதீர்கள். வன்புணர்வு வழக்கை இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டத்தில் வழியில்லை. புகார்க் குழுவில்கூட பெண் கேட்டால்தான் சமரசம், அதிலும் பணம் அடிப்படையாக இருக்கக் கூடாது. நிஜத்தில் நடப்பது சாட்சிகள் பிறழ்வது. மாஜிஸ்திரேட் முன் ஒன்று சொன்னவர் விசாரணையில் "ஞாபகம் இல்லீங்க" என்பார். இந்த நாவலின் உச்சக்காட்சி அங்கேதான் இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணின் நம்பத்தக்க சாட்சியம் ஒன்றே தண்டனைக்குப் போதும், புகார் தாமதம் ஆனதால் மட்டும் வழக்கு விழாது என்று உச்ச நீதிமன்றம் 1996-ல் பஞ்சாப் அரசு எதிர் குர்மீத் சிங் வழக்கில் சொன்னதை அரசு வக்கீல் எழுந்து படிக்கலாம். விசாரணை மூடிய அறையில் நடக்கும். பார்வையாளர் கூட்டம், பத்திரிகையாளர் வரிசை எல்லாம் எழுதிவிடாதீர்கள். பெண்ணின் பழைய நட்பு, பழக்கம் பற்றிய கேள்விக்கு இடமில்லை. எதிர்த்தரப்பு கேட்கும், நீதிபதி தடுக்க வேண்டும்.

அந்த இரவு

வன்கொடுமையை நேரடிக் காட்சியாக எழுத வேண்டாம். கதவு சாத்துவது வரை, பிறகு அவள் ஞாபகத்தில் வரும் துண்டுகள்: ஏ.சி.யின் சத்தம், டேப் சுற்றிய விரல், வின்டோஜெனோ போன்ற தைல வாசம். அதிர்ச்சி ஞாபகம் வரிசையாக வராது. போலீசில் சொன்னதும் மாஜிஸ்திரேட்டிடம் சொன்னதும் சின்ன விஷயங்களில் மாறுவது சகஜம். அந்த மாற்றத்தை எதிர்த்தரப்பு பிடித்துக்கொள்ளும், வாசகருக்கு மட்டும் ஏன் மாறியது என்று தெரிந்திருக்க வேண்டும். குற்றவாளியின் பார்வையில் ஒரு அத்தியாயம்கூடக் கொடுக்காமல் எழுத முடியும். அவன் ஆட்டத்தை எழுதலாம்: கடைசி நிமிடத்தில் மூன்று பேரை வீழ்த்திவிட்டு வருகிறான், அரங்கம் கைதட்டுகிறது. அவளும் முன்பு கைதட்டியவள்தான் என்பதே கொடுமை.

அந்தப் பெண்ணுக்கு வழக்கைத் தாண்டி ஒரு வாழ்க்கை வேண்டும். முழங்கால் வலிக்கு என்ன செய்கிறாள், எந்த பஸ்ஸில் ஏறுகிறாள், தங்கையோடு எதற்குச் சண்டை. கடைசி அத்தியாயத்தில் அவளைக் கொன்றுவிடுவதும், யாரோ ஒரு நல்ல பையன் 'ஏற்றுக்கொள்வதும்' இரண்டுமே சோம்பேறித்தனம்.

அச்சுக்கு முன்

நிஜ வழக்கில் இருந்து கதை எடுத்தால் இடம், தொழில், குடும்ப அமைப்பு, மாதம் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியும்படி அச்சிடுவது குற்றம் (பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 72). 2019 பொள்ளாச்சி வழக்கில் பெண்ணின் பெயர் காவல்துறை வாயிலாகவும் அரசாணையிலும் வெளியாகி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அந்த வழக்கில் 2025 மே 13-ல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. கொங்கு வாசகர் உங்கள் நாவலை அதன் நிழலில்தான் படிப்பார். ஒரு விவரம்கூட அதோடு ஒத்துப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைப்பிரதியை மூன்று பேரிடம் கொடுங்கள்: செஷன்ஸ் கோர்ட்டில் வழக்கு நடத்தும் பெண் வக்கீல், ஜி.எச்.சில் இந்தப் பரிசோதனை செய்து பழகிய டாக்டர், மாநில அளவில் ஆடிய ஒரு கபடி வீராங்கனை. மூன்றாமவரைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பெண்கள் ஆடுகளம் 12-க்கு 8 மீட்டர், ஆண்களுக்கு 13-க்கு 10 என்பதைக்கூடப் பார்க்காமல் அச்சேறுகிறது. தொடக்கப் பக்கத்தில் உள்ளடக்கம் பற்றி இரண்டு வரி, பின்பக்கத்தில் 181 (பெண்கள்), 112 (அவசரம்), 1098 (குழந்தைகள்) உதவி எண்கள். அட்டைக்கு உடைந்த வளையல், முகத்தை மூடிய பெண், நிழலாகத் தெரியும் ஆண் மூன்றையும் ஓவியர் கட்டாயம் கொண்டுவருவார், திருப்பி அனுப்புங்கள். காலி ஜெர்சி தொங்கும் கொக்கி போதும். பின்னட்டையில் 'உண்மைச் சம்பவம்' என்று பதிப்பாளர் போட ஆசைப்பட்டால், பிரிவு 72-ஐயும் 356-ஐயும் அச்செடுத்து அவர் மேசையில் வைத்துவிட்டு வாருங்கள்.